பெண்கள் கோல்ஃபில் அணி ஆட்டம் புதிய வரவு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பெண்கள் கோல்ஃப் குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இந்திய ஆட்டக்காரர் அதிதி அசோக் 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ஆடியது பற்றியும், டோக்கியோவில் ஒரே ஒரு ஸ்ட்ரோக் (பந்தை ஒரு முறை அடிப்பது) வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றது பற்றியும் எழுதியிருந்த பகுதிகள் நிறைவாக இருந்தன. ஆனால், கோல்ஃப் அடிப்படையில் தனி ஆளுக்குரிய விளையாட்டு என்றும், பெண்களுக்கான அணிப் போட்டி ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் தயவால் அண்மையில் வந்து சேர்ந்த புதுமை என்றும் அதே கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டுமே சரியல்ல. சிறு பிழைதானே என்று விட்டுவிடலாம். ஆயினும், நீலகிரி, பழநி என்ற எங்கள் மலைகளில் மூன்று பழைய கோல்ஃப் மைதானங்கள் இருந்தும் பெண் பிள்ளைகளின் அணி ஒன்றுகூட இல்லாமல் இருப்பதற்கும் இந்த நினைப்புக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதால் எழுதுகிறேன்.

குன்னூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் தகப்பனார் மலைமேல் உள்ள ஒரு மைதானத்தில் நெடுங்காலம் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமப்பவராக, வேலை பார்த்தார். ஆகவே இந்த ஆட்டத்தைச் சிறு வயது முதலே அறிவேன். ஆடியவர் வீட்டுப் பிள்ளையாக அல்ல, பையைச் சுமந்தவர் வீட்டுப் பிள்ளையாக.

பெண்கள் கோல்ஃபில் அணி ஆட்டத்தின் வரலாற்றை 1893-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட லேடீஸ் கோல்ஃப் யூனியனிலிருந்து சொல்வதுதான் முறை. அந்தச் சங்கத்தைத் தொடங்க முனைந்த பெண்களில் ஒருவருக்கு, பணத்துக்கு ஆடாதவர்களுக்கான பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை இருமுறை வென்றிருந்த ஹொரேஸ் ஹட்சின்சன் ஒரு கடிதம் எழுதினார். பெண்கள் ஒன்றுகூடி எந்தத் திட்டத்தையும் வெற்றிகரமாக நடத்தியதில்லை, நடத்தவும் முடியாது, ஒருவரோடு ஒருவர் சண்டையிட்டுப் பிரிந்துவிடுவார்கள் என்பது அதன் சாரம். கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் சரியாகத்தான் எழுதுவார்கள் என்று சொல்வதற்கில்லை. அந்தச் சங்கம் 120 ஆண்டுகளுக்கு மேல் பெண்களாலேயே நடத்தப்பட்டு, 2017-இல்தான் செயின்ட் ஆண்ட்ரூஸைத் தலைமையிடமாகக் கொண்டு கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்புடன் இணைக்கப்பட்டது.

தொடங்கிய ஆண்டிலேயே லிதம் செயின்ட் ஆன்ஸில் அவர்கள் நடத்திய முதல் பட்டப் போட்டியில் லேடி மார்கரெட் ஸ்காட் வென்றார். இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்றவர் இசெட் பியர்சன். வென்றவரின் பெயரைத்தான் புத்தகங்கள் பெரிதாகப் போடுகின்றன. என்னைக் கேட்டால், நெடுநாள் நிலைக்கும் வேலையைச் செய்தவர் தோற்றவர்தான். சங்கத்தின் செயலாளராக இருந்து, நாடு முழுவதும் உள்ள பெண்களுக்கு ஒரே சீரான ஹேண்டிகேப் முறையைக் கொண்டுவந்தவர் இவர். கோல்ஃப் ஆடாத வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். ஹேண்டிகேப் என்பது ஒருவருடைய ஆட்டத்தின் தரத்தைக் காட்டும் எண். தேர்ந்த ஆட்டக்காரரைவிட அவர் வழக்கமாக எத்தனை ஸ்ட்ரோக் கூடுதலாக எடுத்துக்கொள்வார் என்பதன் கணக்கு. ஒவ்வொரு கிளப்பும் தன் விருப்பம்போல் இதைக் கணித்தால், எளிதான மைதானத்தில் ஆடும் ஒருவர் 10 என்றும், கடினமான மைதானத்தில் ஆடும் அவரைவிடத் திறமையான இன்னொருவர் 16 என்றும் பதிவாகிவிடுவார்கள். அந்த நிலையில் ஒரு மாவட்டத்துக்கோ நாட்டுக்கோ அணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? யாருக்கு யாரைத் தெரியுமோ அவர்களைப் போட்டுக்கொள்வதுதான் நடக்கும். பெண்கள் இந்தச் சிக்கலை முதலில் தீர்த்தார்கள். ஆண்கள் தங்களுக்குள் ஒரே சீரான முறைக்கு வந்து சேர்வதற்கு அதன் பிறகும் பல ஆண்டுகள் ஆயின. அணி ஆட்டத்துக்கான தரையை இப்படிப் போட்ட பிறகுதான் மற்றவை நடந்தன.

1905-இல் அமெரிக்கப் பெண்கள் சிலர் பிரிட்டிஷ் பட்டப் போட்டியில் ஆடுவதற்காக இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள க்ரோமருக்கு வந்தார்கள். வந்த இடத்தில் இரு தரப்பும் ஓர் அணி ஆட்டமும் ஆடிப் பார்த்தன. பிரிட்டன் 6-1 என்ற கணக்கில் வென்றது. வென்ற அணியில் லாட்டி டாட் இருந்தார்; விம்பிள்டனில் பெண்கள் ஒற்றையர் பட்டத்தை ஐந்து முறை பெற்றவர், அதற்கு முந்தைய ஆண்டில் கோல்ஃபிலும் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றிருந்தார். தோற்ற அணியில் பாஸ்டனைச் சேர்ந்த ஹாரியட் கர்டிஸ், மார்கரெட் கர்டிஸ் என்ற சகோதரிகள் இருந்தனர். அடுத்த ஆண்டு அக்காள் ஹாரியட் அமெரிக்கப் பட்டத்தை வென்றார். 1907 இறுதியாட்டத்தில் அதே அக்காளைத் தங்கை தோற்கடித்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். பட்டத்துக்காக எதிரெதிரே நின்ற அந்த இருவரும் ஊர் திரும்பிய பிறகு மறக்காமல் வைத்திருந்தது க்ரோமரில் ஆடிய அணி ஆட்டத்தைத்தான். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம், இதை முறையான போட்டியாக நடத்த வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தி வந்தார்கள். கடல் கடந்து ஓர் அணியை அனுப்பும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில் பேச்சு மறுபடி மறுபடி நின்றுபோனது. கடைசியில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைத் தாங்களே கொடுத்தார்கள். பல நாட்டுப் பெண் ஆட்டக்காரர்களிடையே நட்பான போட்டியைத் தூண்டுவதற்காக என்று அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பல நாடு என்று பொறித்திருந்தாலும் அமெரிக்கா ஒரு பக்கமும் பிரிட்டன், அயர்லாந்து இணைந்த அணி மறுபக்கமுமாகவே கர்டிஸ் கோப்பை இன்றுவரை நடக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் கர்டிஸ் கோப்பை 1932-இல் லண்டனுக்கு அருகே வென்ட்வொர்த்தில் நடந்தது. தங்கள் கட்டுரையாளர் கோல்ஃபைத் தனி ஆளின் விளையாட்டு என்கிறார் அல்லவா, அவர் இந்த ஒரு ஆட்டத்தின் கணக்கைப் பார்த்தாலே போதும். அக்காலத்தில் உலகின் தலைசிறந்த பெண் ஆட்டக்காரர் என்று பலராலும் கருதப்பட்ட ஜாய்ஸ் வெதரெட் பிரிட்டிஷ் அணியின் தலைவி. அமெரிக்காவின் தலைசிறந்த ஆட்டக்காரரான க்ளென்னா காலெட் வேரை ஒற்றையர் ஆட்டத்தில் அவர் எளிதாகவே வென்றார். ஆறு ஒற்றையர் ஆட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் பிரிட்டனுக்கு 3½, அமெரிக்காவுக்கு 2½. ஆனால் கோப்பை அமெரிக்காவுக்குப் போனது. ஏனென்றால், ஒற்றையருக்கு முன்பே மூன்று ஜோடி ஆட்டங்கள் நடந்து முடிந்திருந்தன. மூன்றையும் அமெரிக்கப் பெண்கள் வென்றிருந்தார்கள். ஃபோர்சம்ஸ் எனப்படும் இந்த ஜோடி ஆட்டத்தில் இருவருக்கும் ஒரே பந்து. ஒருவர் அடித்ததை அடுத்தவர் எடுத்து அடிக்க வேண்டும். தன் பந்தை எங்கே வைத்தால் தனக்கு வசதி என்று மட்டும் நினைத்துப் பழகியவருக்கு இது எளிதில் கைவராது. தோழிக்கு உயரமான வீச்சு நன்றாக வருமா, தாழ்வாக உருட்டிவிடுவது நன்றாக வருமா என்பதை அறிந்து, அவளுக்குத் தோதான இடத்தில் பந்தை விட்டுவிட்டு விலகி நிற்க வேண்டும். அவள் புதருக்குள் அடித்துவிட்டால் முகம் சுளிக்காமல் போய் அதை எடுத்து அடிக்க வேண்டும். 5½-க்கு 3½ என்ற அந்த முதல் முடிவு, தலைசிறந்த ஆட்டக்காரர் இருக்கும் அணியே வெல்லும் என்ற கணக்கைத் தொடக்கத்திலேயே பொய்யாக்கிவிட்டது.

அதற்குப் பிந்திய கதையை விரிக்கப் போவதில்லை. பிரிட்டிஷ் தரப்பு முதல் வெற்றிக்கு 1952 வரை காத்திருந்தது. 1986-இல் கான்சஸ் மாநிலத்து ப்ரேரி டியூன்ஸ் மைதானத்தில் 13-5 என்று வென்று, அமெரிக்க மண்ணிலேயே கோப்பையை எடுத்தது. 2024-இல் சன்னிங்டேலில் 10½-9½ என்று நூலிழையில் வென்றிருக்கிறது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஓர் அமெச்சூர் பெண்கள் போட்டி கடைசி ஆட்டம்வரை இழுபறியாக நடக்கிறது என்பது, இதைப் புதுமை என்று எழுதியவருக்குத் தெரிய வேண்டிய செய்தி.

இந்தியாவுக்கு இதில் எங்கே இடம் என்று தங்கள் வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கல்கத்தாவில் 1829-லேயே கோல்ஃப் கிளப் ஏற்பட்டுவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கிளப் அதுதான். அப்படியிருந்தும், 1959-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்களுக்கான காமன்வெல்த் அணிப் போட்டி தொடங்கியபோது அதில் ஆடியவை பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து அணிகள் மட்டுமே. ஆட்டம் இந்தியாவுக்கு வந்து 130 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெண்களின் அணி மேசையில் நமக்கு நாற்காலி இல்லை.

கதவு வேறு பக்கமிருந்து திறந்தது. 1964-இல் பிரான்ஸ் நாட்டுப் பெண்கள், லாலி செகார் என்ற ஆட்டக்காரரின் முன்முயற்சியில், எல்லா நாடுகளையும் அழைத்துப் பாரிஸுக்கு அருகே செயின்ட் ஜெர்மெய்னில் உலகப் பெண்கள் அமெச்சூர் அணிப் போட்டியை நடத்தினார்கள். போர்ச்சுகல் நாட்டுக் குடும்பம் ஒன்று அளித்த எஸ்பிரிட்டோ சாண்டோ கோப்பை அதன் பரிசு. 25 அணிகள் வந்தன. நான்கு நாள் ஆட்டத்தின் முடிவில் பிரான்ஸ் அமெரிக்காவை ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் முந்தியது. அந்தப் பிரெஞ்சு அணியில் 19 வயதுக் கேத்தரின் லகோஸ்த் இருந்தார். டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்த்தின் மகளான இவர், மூன்றாண்டுகள் கழித்து அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் பட்டத்தை வென்றார். பணத்துக்கு ஆடாத அமெச்சூர் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது அந்த ஒரு முறைதான். இன்றுவரை வேறு யாராலும் முடியவில்லை. தேசிய அணிக்கு ஆடிப் பழகிய பெண், தனியாகவும் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றார் என்ற வரிசையைக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது நமக்கு மிக நெருக்கமானது. தமிழில் மிகக் குறைவாக எழுதப்பட்டிருப்பதும் அதுதான். 1979-இல் தாய்லாந்தில் ஆசிய பசிபிக் நாடுகளின் பெண்கள் அமெச்சூர் அணிப் போட்டி தொடங்கியது. அந்நாட்டு ராணி சிரிகித்தின் பெயரையே கோப்பைக்கு வைத்தார்கள். (முதல் கர்டிஸ் கோப்பை நடந்த 1932-இல் பிறந்தவர் அவர், தற்செயல்தான், ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள எளிது.) ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதல் ஜப்பான், தென்கொரியா, இந்தியா வரை இந்தப் பரப்பின் நாடுகள் இதற்கு அணி அனுப்புகின்றன, நடத்தும் பொறுப்பு ஒவ்வொரு நாடாக மாறி வருகிறது.

உலகப் போட்டியிலும் சிரிகித் கோப்பையிலும் அணி அமைப்பு ஒன்றே. மூன்று பேர் ஆட வேண்டும். ஒவ்வொரு நாளும் மூவரில் சிறந்த, அதாவது குறைந்த ஸ்ட்ரோக்கில் முடித்த, இருவருடைய எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொள்ள வேண்டும். பார்ப்பதற்கு எளிய விதி. இதன் சூட்சுமத்தை ஒரு கற்பனைக் கணக்கால் சொல்கிறேன். முதல் நாள் மூவர் 74, 78, 85 என்று முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 85 கழிந்துவிடும், அணியின் கணக்கு 152. மறுநாள் 74 அடித்தவருக்குக் கை வரவில்லை, 83 ஆகிவிடுகிறது. முந்தைய நாள் 85 அடித்த பெண் 75 அடிக்கிறாள், மற்றவள் 77. அணியின் கணக்கு மறுபடியும் 152-தான். முதல் நாள் உதவாதவள் மறுநாள் அணியைக் காப்பாற்றிவிட்டாள். தனி ஆட்டத்தில் 85 அடித்த பெண் அன்றிரவே மனத்தளவில் மூட்டை கட்டியிருப்பாள். அணி ஆட்டத்தில் அவள் மறுநாள் காலை, முதல் பந்தை அடிக்கும் இடமான டீயில் வந்து நின்றே ஆக வேண்டும், அவளுடைய எண் தேவைப்படலாம். பதினைந்து, பதினாறு வயதுப் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கற்றுக்கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு மோசமான நாளுக்குப் பிறகு அவர்களை மறுபடி மைதானத்துக்கு வரவைப்பதுதான் பயிற்சியில் பாதி. அந்தப் பாதியை இந்த விதி தானாகவே செய்துவிடுகிறது. மூன்று பேர், ஒரு பொறுப்பாளர் என்றால் ஒரு காரில் அடங்கிவிடுவார்கள் என்பது இன்னொரு நன்மை. எட்டுப் பேர் அணியைக் கடல் கடத்த வழி தேடிக் கர்டிஸ் சகோதரிகள் காத்திருந்த கதையை மேலே சொன்னேன்.

சிரிகித் கோப்பையை மற்ற எந்த நாட்டையும்விட அதிக முறை வென்றது தென்கொரியா. தென்கொரியப் பெண்கள் கோல்ஃப் என்றாலே 1998-இல் பாக் சே ரி அமெரிக்க ஓப்பனை வென்றதிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அது பெரிய வெற்றிதான். 18 ஹோல் (பந்தைச் சேர்க்க வேண்டிய குழி) கூடுதல் ஆட்டத்திலும் முடிவு வராமல் மேலும் 2 ஹோல் ஆடி முடிந்த அந்த ஆட்டத்தை அந்நாட்டில் மறந்தவர் இல்லை. ஆனால் அப்போது சிரிகித் கோப்பை தொடங்கி 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆண்டுதோறும் நாட்டுக்காக மூன்று அமெச்சூர் பெண்களைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஒரு நாட்டில் என்ன செய்யும் என்பதை யாரும் ஊகிக்கலாம். மூவரைத் தேர்ந்தெடுக்க முப்பது பேர் ஆட வேண்டும். முப்பது பேர் ஆடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மைதானம் திறந்திருக்க வேண்டும்.

நம் நாட்டுக்கும் இந்தப் போட்டியில் பெருமைப்பட ஒன்று உண்டு. 2023-இல் பிலிப்பைன்ஸில் நடந்த சிரிகித் கோப்பையில் தனிநபர் முதலிடத்தைப் பெங்களூரைச் சேர்ந்த அவனி பிரசாந்த் பெற்றார். அப்போது அவருக்கு 16 வயது. அதே ஆண்டில் ஹாங்ஷௌ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதிதி அசோக் வெள்ளி வென்றார். ஆசியப் போட்டிகளில் கோல்ஃபில் இந்தியப் பெண் ஒருவர் பெற்ற முதல் தனிநபர்ப் பதக்கம் அது. அணிப் பதக்கம் கிடைக்கவில்லை. அங்கே ஆடிய இந்திய அணியின் மூவரையும் பாருங்கள்: அதிதி பெங்களூர், அவனி பெங்களூர், பிரணவி அர்ஸ் மைசூர். உதகையிலிருந்து முதுமலை, குண்டல்பேட்டை வழியாகச் சில மணி நேரத்தில் மைசூர் போய்விடலாம். மலையிலிருந்து காய்கறி லாரி தினமும் போகிற வழி அது. ஆசியப் போட்டிகளில் பெண்கள் கோல்ஃப் 1990 பெய்ஜிங்கிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது என்பதையும் தங்கள் கட்டுரையாளருக்கு இவ்விடத்தில் தெரிவித்துவிடுகிறேன்.

இனி எங்கள் மலைகளுக்கு வருகிறேன். வெலிங்டன் ஜிம்கானா 1873-இல் ஏற்பட்டது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் ஏற்பட்டது. லேடீஸ் கோல்ஃப் யூனியனுக்கு இரண்டே வயது இளையது. உதகை ஜிம்கானாவின் மைதானம் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே, மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர்கள் சூழ விரிந்து கிடக்கிறது. மூன்றிலும் 18 ஹோல் உண்டு. காற்று மெலிந்திருப்பதால் பந்து சமவெளியைவிடச் சற்றுக் கூடுதல் தூரம் போகும். ஆனால் கால் வைக்கும் இடம் எதுவும் சமமாக இராது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று நின்று அடிக்கப் பழகியவர் எந்த ஊர் மைதானத்திலும் ஆடிவிடுவார் என்று என் தகப்பனார் சொல்வார். கொடைக்கானலில் காட்டுமாடுகள் மைதானத்தில் மேய்ந்துகொண்டிருந்தால் அவை நகரும்வரை ஆட்டம் நிற்கும். பனிமூட்டம் இறங்கிவிட்டால், முன்னால் போய் நிற்கும் கேடி பந்து விழுகிற சத்தத்தை வைத்துத்தான் இடம் சொல்வார். புல்லில் விழுந்தால் ஒரு சத்தம், சேற்றில் விழுந்தால் ஒரு சத்தம், மரத்தில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

இப்படிப்பட்ட இடத்தில் வளரும் கேடிகளின் பெண் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர்களின் பெண் பிள்ளைகள், மலைக்காய்கறி விவசாயிகளின் பெண் பிள்ளைகள் ஆகியோரில் ஆட்டத்தை அறிந்தவர்கள் இல்லாமல் இல்லை. எங்கள் பள்ளியிலேயே ஒரு சிறுமி இருந்தாள். அவளுடைய தாத்தா எவரோ கழித்துப் போட்ட ஆண்கள் மட்டை ஒன்றை வாங்கி, எஃகுத் தண்டைக் கைப்பிடிப் பக்கம் ரம்பத்தால் அறுத்துக் குறுக்கி, பிடி இருந்த இடத்தில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கொடுத்திருந்தார். தண்டைக் குறைக்கலாம், தலையின் கனத்தைக் குறைக்க முடியாது. போதாக்குறைக்கு, குறுக்கிய தண்டு இன்னும் விறைப்பாகிவிடும். பெண் பிள்ளைகளுக்கென்று செய்த மட்டையில் தண்டு இலேசாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். அறுத்த மட்டையை வீச அவள் முழு உடம்பையும் சுழற்ற வேண்டியிருந்தது. அப்படியும் பள்ளி மைதானத்தின் ஒரு மூலையில் வைத்து அடித்த பந்து மறு மூலையில் கரண்ட் கம்பத்தருகே போய் விழும். வலப்புறம் சற்று வளைந்து போகும் என்பதைக் கணித்து, கம்பத்துக்கு இடப்பக்கமாகவே குறி வைப்பாள். அவளை எந்தப் போட்டிக்கு அழைத்துப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. தடகளத்துக்குக் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிகள் உண்டு, கோகோவுக்கும் உண்டு. கோல்ஃபுக்கு முதல் படியே கிடையாது. அவளைக் குண்டு எறிதலில் சேர்த்தேன். நன்றாகவே எறிந்தாள்.

இந்தக் குறை பணத்தால் வந்தது என்று பலரும் சொல்வார்கள். கோல்ஃப் செலவு பிடிக்கும் ஆட்டம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மேலே சொன்ன வரலாற்றில் எனக்குத் தெரிவது வேறு. எங்கெல்லாம் பெண்கள் ஆட்டம் ஊன்றியதோ, அங்கெல்லாம் இரண்டு காரியங்கள் முன்னதாக நடந்திருக்கின்றன. ஒன்று, எல்லோருக்கும் பொதுவான ஹேண்டிகேப். மற்றது, யார் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த காலத்தில் நடந்தே தீரும் ஓர் அணிப் போட்டி. முதலாவது இன்று உலகம் முழுவதற்கும் ஒன்றாகிவிட்டது. 2020 முதல் உலக ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது, இந்தியாவும் அதில் இருக்கிறது. ஆயினும் அந்த எண்ணைப் பெறுவதற்கு ஒரு கிளப் வழியாகவோ அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பு வழியாகவோ பதிய வேண்டும். உறுப்பினர் வீட்டுப் பிள்ளைக்கு அது தானாகக் கிடைத்துவிடும். கேடி வீட்டுப் பிள்ளைக்கு யாராவது கிடைக்கச் செய்ய வேண்டும். அந்த எண் இல்லாதவரை அவள் எவ்வளவு தூரம் அடித்தாலும் எந்தத் தேர்வாளர் கண்ணிலும் படமாட்டாள்.

கிளப்களைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. புல் வெட்டவும் தண்ணீர் பாய்ச்சவும் பன்றி தோண்டிய குழியை மூடவும் ஆகும் செலவை அவர்கள்தான் பார்க்கிறார்கள். வெலிங்டன் ராணுவக் குடியிருப்புக்குள் இருப்பதால் அங்கே உள்ளே போய்வருவதற்கு வேறு ஒழுங்குகளும் உண்டு. அவர்களிடம் கேட்பது மிகச் சிறியது. உள்ளூர்ப் பள்ளிகளிலிருந்து தேர்ந்த சில பெண் பிள்ளைகளைக் கிளப்புக்கு மூவராவது இளையோர் பட்டியலில் பதிவு செய்துகொண்டு, கூட்டம் இல்லாத வார நாள் காலைகளில் ஆட விட்டு, அவர்களுக்கு முறையான ஹேண்டிகேப் ஏற்படுத்தித் தர வேண்டும். பிறகு உதகை, வெலிங்டன், கொடைக்கானல் என்று மூன்று அணிகள், அணிக்கு மூவர், சிறந்த இருவர் கணக்கு. ஆண்டுக்கு ஒரு முறை, ஓர் ஆண்டு நீலகிரியில், மறு ஆண்டு பழநி மலையில். மேட்டுப்பாளையம், கோவை, உடுமலை, பழநி வழியாகக் கொடைக்கானல் போய்ச் சேர ஒரு பகல் ஆகும் என்பதால் வருகிறவர்களுக்கு இரண்டு இரவு தங்க இடம் வேண்டும். இரு மலைகளிலும் விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன, விடுமுறையில் கட்டில்கள் காலியாகத்தான் கிடக்கின்றன. ஏப்ரல், மே சீசன் நெரிசலில் வேண்டாம். ஜூலை மழையும் உதவாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி புல்லைக் கருக்கிவிடும். காலாண்டுத் தேர்வு விடுமுறைதான் பொருத்தம் என்பது என் கருத்து. பெரியவர்கள் வேறு தேதி சொன்னால் மறுக்க ஒன்றுமில்லை.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பள்ளிகளுக்கிடையேயான கால்பந்து முடிவுகளை மாவட்டப் பக்கத்தில் நான்கு வரியில் போடுகிறீர்கள். அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளாத பிள்ளை நான் பார்த்ததில்லை. சிரிகித் கோப்பைக்கு இந்திய அணி போகும்போது மூவரின் பெயரையும், நாள்தோறும் யாருடைய இரண்டு எண்கள் கூட்டப்பட்டன என்பதையும் அதேபோல் நான்கு வரியில் போடலாம். பதக்கம் வந்தால்தான் செய்தி என்று காத்திருக்கத் தேவையில்லை. மேற்படி மூன்று மைதானங்களின் நிர்வாகிகளோ பள்ளித் தலைமையாசிரியர்களோ இந்த யோசனையைப் பரிசீலிக்க விரும்பினால், முதல் கூட்டத்துக்குக் குன்னூரில் இடம் ஏற்பாடு செய்து தருவதற்கும், பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நாள்களில் கூட நிற்பதற்கும் நானும் என்னுடன் பணியாற்றி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியைகள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். எங்கள் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது; கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.